மூன்று மணி நேரக் குழம்பு

ஆறடி இரண்டு அங்குல உயரம். ஐம்பது வயது. பேச ஆரம்பித்தால் குரல் கீச்சென்று உச்சிக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, தடாலென்று கீழே இறங்கும். டி.வி.யில் தோன்ற என்னென்ன லட்சணங்கள் வேண்டும் என்று 1963-ம் வருட அமெரிக்காவில் யாராவது பட்டியல் போட்டிருந்தால், அதில் ஒன்றுகூட அந்த அம்மணிக்குப் பொருந்தியிருக்காது.

ஆனாலும் அந்த வருடம் பிப்ரவரி 11-ம் தேதி, பாஸ்டன் நகரத்தின் கல்வித் தொலைக்காட்சி அவரைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தியது. கறுப்பு வெள்ளை ஒளிபரப்பு. கையில் காசில்லாத நிலையம். ஆரம்பித்தால் பெரும்பாலும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்து முடித்தாக வேண்டும். எதையாவது தப்பாகச் செய்தால் அந்தத் தப்பும் சேர்ந்தேதான் ஒளிபரப்பாகும்.

அவர் பெயர் ஜூலியா சைல்ட். நிகழ்ச்சியின் பெயர் 'தி ஃப்ரெஞ்ச் ஷெஃப்'. இத்தனைக்கும் அவர் பிரெஞ்சுக்காரரும் இல்லை, எந்த ஹோட்டலிலும் ஷெஃப்பாக இருந்தவரும் இல்லை. போகட்டும். முதல் நாள் அவர் செய்து காட்டிய ஐட்டத்தின் பெயர், போஃப் பூர்கின்யோன்.

பயப்படாதீர்கள். பெயர்தான் வாயில் நுழையாது. கறி வாயில் கரையும்.

பர்கண்டி என்பது பிரான்சின் கிழக்குப் பகுதியில் இருக்கிற ஒரு வட்டாரம். ஒயினுக்குப் பேர் போன ஊர். அந்த ஊர் பாணியில், ரெட் ஒயினில் மாட்டுக்கறியை மணிக்கணக்காக வேகவைத்து எடுத்தால் போஃப் பூர்கின்யோன். கூடவே கேரட், பூண்டு, சின்னச் சின்ன வெங்காயம், காளான், கொஞ்சம் பன்றிக் கொழுப்பு. அவ்வளவுதானா என்றால் அவ்வளவுதான்.

நான் பி.காம். படித்தவன். ஒரு சமையல் குறிப்பைப் பார்த்தால்கூட முதலில் அடக்கவிலைதான் கண்ணில் படும். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள், இந்தக் குழம்பு ஒரு வினோதமான கணக்கு என்பது புரியும். இதற்குத் தேவைப்படுவது மாட்டின் கழுத்து, தோள், கால் மாதிரியான மலிவான கறி. ஸ்டேக் போடுகிற உயர்ந்த ரகத்தை இதில் போட்டால் காய்ந்து சக்கையாகிவிடும். ஒயினும் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அப்புறம் ஏன் இது பெரிய ஹோட்டல்களில் கௌரவமான அயிட்டமாக உட்கார்ந்திருக்கிறது?

நேரம். மூன்று மணி நேரம். இதன் அடக்கவிலையில் பெரும்பகுதி அதுதான். அந்த நேரத்தை யார் கொடுப்பது என்கிற கேள்விக்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பதில்களை வரிசையாக அடுக்கினால் இந்தக் குழம்பின் சரித்திரம் வந்துவிடும்.

*

இதைப் பற்றி எழுதுகிற அநேகம் பேர் ஆரம்பிக்கிற இடம் ஒன்று உண்டு. நூற்றாண்டுகளுக்கு முன்னால் பர்கண்டியின் ஏழை விவசாயி, உழைத்து ஓய்ந்த மாட்டின் கறியை மென்மையாக்குவதற்காக ஒயினில் ஊறப்போட்டு வேகவைத்தான் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. மாடு அங்கேயும் உழவுக்கும் வண்டிக்கும்தான். வயசான மாட்டின் கறி செருப்புத் தோல் மாதிரி இருக்கும் என்பதும் நிஜம். ஆனால், இந்தப் பெயரோடு இந்தக் குழம்பு எழுத்தில் தென்படுவது 19-ம் நூற்றாண்டில்தான். பியேர் லரூஸ் தொகுத்த மாபெரும் அகராதியில், 1867-ல் இது ஏறியிருக்கிறது. ஆயிரம் வருடப் பாரம்பரியம் என்று யாராவது மெனு கார்டில் அச்சடித்திருந்தால் ஒரு புன்னகையோடு கடந்துவிடுங்கள்.

ஏழை விவசாயியைவிட, 19-ம் நூற்றாண்டு பாரிஸ் நகரத்தைப் பார்ப்பது நமக்கு உபயோகமாக இருக்கும்.

1851-ல் பாரிஸிலிருந்து பர்கண்டியின் தலைநகரான திழோனுக்கு ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. மாட்டு வண்டியிலும் படகிலும் அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்த பீப்பாய்களுக்கு ரயில் டிக்கெட் கிடைத்துவிட்டது. இன்னொரு பக்கம், தொழில் வளர்ந்து பாரிஸில் கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. காலையில் வேலைக்கு வருகிறவனுக்கு மதியம் வயிறு பசிக்குமா, இல்லையா?

துவால் என்று ஒரு கசாப்புக் கடைக்காரர் அந்தப் பசியைக் கவனித்தார். அவருக்கு ஒரு வியாபாரப் பிரச்னை இருந்தது. மாட்டின் நல்ல பகுதிகளைப் பணக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மிச்சத்தை என்ன செய்வது? கணக்குப் பாடத்தில் இதை உபபொருள் என்பார்கள். தூக்கிப் போட்டால் நஷ்டம், விற்றால் லாபம். 1855 வாக்கில் அவர் ஒரு சாப்பாட்டுக் கடையைத் திறந்தார். அதே கறியை நிறைய நேரம் வேகவைத்து, சூப்பும் கறியுமாக உழைப்பாளிகளுக்கு மலிவு விலையில் கொடுத்தார். கூட்டம் அம்மியது. ஒன்று பலவாகி, பாரிஸ் முழுக்கக் கிளைகள் முளைத்தன. சங்கிலித் தொடர் உணவகம் என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அதற்குத் தாத்தா இந்தக் கடைதான் என்று சொல்வார்கள்.

துவால் கடையில் போஃப் பூர்கின்யோன் போட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே இருந்த தர்க்கத்தைச் சொல்கிறேன். ஒரு பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டால் அது பாட்டுக்கு வேகும். ஆளுக்கு மூன்று மணி நேரம் செலவழிக்க வேண்டாம்; நூறு பேருக்குச் சேர்த்து மூன்று மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு தட்டுக்கு இரண்டு நிமிடம்கூட விழாது. பாரிஸின் சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைகளில் ஒயின் குழம்பு நிரந்தர இடம் பிடித்ததற்கு இந்த வகுத்தல் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து வந்தவர் அகஸ்தே எஸ்காஃபியே. சமையல் உலகத்தில் அவரைச் சக்கரவர்த்தி என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். லண்டன் சவாய், பாரிஸ் ரிட்ஸ் போன்ற பணக்கார ஹோட்டல்களின் அடுப்படிகளை ஆண்டவர். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் ராணுவச் சமையல்காரராக இருந்ததாலோ என்னவோ, அடுப்படியையும் ராணுவம் மாதிரியே பிரித்து வைத்தார். சாஸுக்கு ஒரு படை, வறுவலுக்கு ஒரு படை, காய்கறிக்கு ஒரு படை. 1903-ல் அவர் வெளியிட்ட சமையல் களஞ்சியத்தில் நம் குழம்பும் உண்டு. ஆனால், சின்னத் துண்டுகளாக இல்லை. முழுக் கறியாக, உள்ளே கொழுப்புக் கீற்றுகளைச் செருகி, பிராந்தியிலும் ஒயினிலும் ஊறவைத்து, ராஜ மரியாதையோடு.

கவனித்தீர்களா? கசாப்புக் கடை மிச்சம், வெள்ளித் தட்டுக்கு ஏறிவிட்டது. அங்கே நேரத்தைக் கொடுத்தவர்கள் சம்பளத்துக்கு இருந்த உதவிச் சமையல்காரர்கள். எஸ்காஃபியேவின் புத்தகம் அவர்களுக்காக எழுதப்பட்டது. ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவனுக்கான குறிப்பு. வழக்கம்போல் வேகவை என்று இருக்கும். வழக்கம் என்னவென்று தெரியாதவன் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

வழக்கம் தெரியாத ஒருவரிடம் அந்தப் புத்தகத்தின் பரம்பரை போய்ச் சேர்ந்ததுதான் கதையின் அடுத்த பகுதி. அதற்கு நாம் பிரான்சைவிட்டு வெகு தூரம் போக வேண்டும். கண்டிக்கு. ஆமாம், இலங்கையில் இருக்கிற கண்டியேதான்.

*

1944. இரண்டாம் உலகப்போர் முடியாத நேரம். ஜப்பானுக்கு எதிரான தென்கிழக்கு ஆசியப் படைகளுக்கு மவுண்ட்பேட்டன் பிரபு தளபதி. அவருடைய தலைமையகம் அந்த வருடம் டெல்லியிலிருந்து கண்டிக்கு மாறியிருந்தது. அதை ஒட்டி அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்.ஸும் கண்டியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கடைவிரித்திருந்தது. சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடி அமைப்பு அது.

அங்கே ரகசிய ஆவணங்களைப் பதிந்து, அடுக்கி, பாதுகாக்கிற பிரிவுக்குப் பொறுப்பாக வந்து சேர்ந்தார் ஜூலியா மெக்வில்லியம்ஸ். கலிஃபோர்னியாவின் பசதேனாவில், 1912-ல், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் சமையலுக்கு ஆள் உண்டு. அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் வளர்ந்த பெண். கண்டிக்கு வந்தபோது வயது முப்பத்தொன்று. சமையல் சுத்தமாகத் தெரியாது.

அதே அலுவலகத்தில் பால் சைல்ட் என்று ஒருவர் இருந்தார். ஜூலியாவைவிடப் பத்து வயது மூத்தவர், உயரத்தில் குறைந்தவர். வரைபடம் போடுவது, போர் அறைகளை வடிவமைப்பது அவர் வேலை. முன்பு பாரிஸில் வாழ்ந்தவர். நல்ல சாப்பாடு என்றால் என்னவென்று நாக்குக்குத் தெரிந்த மனிதர். கண்டியில் ஆரம்பித்த நட்பு, சீனாவுக்குப் போய்க் காதலாகி, 1946-ல் அமெரிக்காவில் கல்யாணத்தில் முடிந்தது. போரில்லாமல் போயிருந்தால் இந்த இரண்டு பேரும் சந்தித்திருக்க வாய்ப்பே இல்லை.

1948 நவம்பரில் பாலுக்குப் பாரிஸில் வேலை. கப்பலில் வந்து இறங்கி, காரில் பாரிஸுக்குப் போகிற வழியில், ருவான் நகரத்தில் ஓர் ஓட்டலில் மதியச் சாப்பாடு. வெண்ணெயில் பொரித்த மீன். அந்த ஒரு மீன் தன் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டுவிட்டது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார் ஜூலியா.

மறுவருடமே பாரிஸின் புகழ்பெற்ற சமையல் பள்ளியான கோர்டோன் ப்ளூவில் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவே நெட்டையாக ஒரே ஒரு பெண்மணி. இறுதித் தேர்வில் முதல் தடவை ஃபெயில். அட்டகாசமான சாஸ்கள் எல்லாம் கைவந்துவிட்டன. ஆரம்பப் பாடத்தை மனப்பாடம் செய்ய மறந்துபோனார். இரண்டாம் தடவைதான் தேறினார்.

அப்புறம் சிமோன் பெக், லூயிசெட் பெர்தோல் என்கிற இரண்டு பிரெஞ்சுப் பெண்களின் சிநேகம் கிடைத்தது. அமெரிக்கர்களுக்காக ஒரு பிரெஞ்சு சமையல் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். சரியாக வரவில்லை. ஓர் அமெரிக்கப் பெண் கூட இருந்தால் தேவலை என்று நினைத்தார்கள். 1952-ல் ஜூலியா உள்ளே வந்தார். சின்னதாக ஒரு கைகொடுக்கிற வேலை என்று நினைத்துத்தான் வந்தார்.

ஒன்பது வருடம் இழுத்தது.

ஏன் என்று கேட்பீர்கள். எழுதியிருந்த ஒவ்வொரு குறிப்பையும் ஜூலியா அமெரிக்கச் சாமான்களை வைத்துச் செய்து பார்த்தார். பிரெஞ்சு மாவு வேறு, அமெரிக்க மாவு வேறு. பிரான்சில் மாட்டை வெட்டுகிற முறை வேறு, அமெரிக்காவில் வேறு. பிரெஞ்சுப் பன்றிக் கொழுப்பில் புகை வாசம் இருக்காது; அமெரிக்க பேக்கனில் தூக்கும். அதை அப்படியே போட்டால் குழம்பு முழுக்கப் புகை மணம்தான். ஆகவே, முதலில் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டுப் புகையை எடுங்கள் என்று ஒரு வரி சேர்த்தார். ஒரு வரிதான். ஆனால், அந்த ஒரு வரி எஸ்காஃபியேவின் புத்தகத்தில் கிடைக்காது. அவருக்கு அது தேவைப்படவே இல்லை.

பாலுக்கு வேலை மாற்றம் வந்துகொண்டே இருந்தது. மார்சேய், ஜெர்மனி, வாஷிங்டன், நார்வே. மூட்டை முடிச்சோடு கையெழுத்துப் பிரதியும் ஊர் ஊராகப் போனது.

1958-ல் பதிப்பாளரிடம் கொடுத்தபோது, ஹௌட்டன் மிஃப்லின் நிறுவனம் முடியாது என்று சொல்லிவிட்டது. இது கலைக்களஞ்சியம் மாதிரி இருக்கிறது, சுருக்கிக் கொண்டு வாருங்கள். திருத்தினார்கள். 1959-ல் மறுபடியும் நிராகரிப்பு. பெரிய செலவு, பெரிய புத்தகம், அமெரிக்க இல்லத்தரசி இதைப் பார்த்தாலே மிரண்டுவிடுவாள் என்பது சாராம்சம்.

பதிப்பாளரைத் திட்டுவதற்குமுன் அவர் பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடலாம். 1950-களின் அமெரிக்கா டப்பா உணவின் பொற்காலம். உறைந்த சாப்பாட்டை அலுமினியத் தட்டோடு விற்றார்கள். அடுப்பில் சுடவைத்து டி.வி. முன்னால் உட்கார்ந்து தின்ன வேண்டியது. டின் திறப்பான் ஒன்றை வைத்துக்கொண்டே சமைப்பது எப்படி என்று புத்தகம் வந்து விற்றுக்கொண்டிருந்த காலம். பெண்களுக்குச் சமையல் வேகமாக முடிய வேண்டும், அவர்களுக்கு யோசிக்கப் பிடிக்காது என்பது சந்தையின் முடிவு. விற்பனை எண்கள் அதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஒரு கறிக்குழம்புக்கு மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தால் யார்தான் காசு போடுவார்கள்?

ஒரே ஒருவர் போடச் சொன்னார். நாஃப் பதிப்பகத்தின் ஜூடித் ஜோன்ஸ்.

இந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1950-ல் பாரிஸில் வேறொரு பதிப்பகத்தில் வேலை பார்த்தபோது, நிராகரிக்க வேண்டிய புத்தகக் குவியலில் ஒரு சிறுமியின் படம் போட்ட அட்டையைப் பார்த்து, எடுத்துப் படித்து, இதை அமெரிக்காவில் வெளியிட்டே ஆகவேண்டும் என்று சண்டை போட்டவர். ஆன் ஃப்ராங்கின் டைரி. குப்பையில் கிடப்பதைக் கண்டெடுக்கிற கண் அவருக்கு அப்போதே இருந்தது.

ஜூலியாவின் பிரதியை ஜூடித் வெறுமனே படித்துவிட்டு முடிவெடுக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனார். கறி வாங்கினார். ஒயின் வாங்கினார். புத்தகத்தில் சொல்லியிருந்தபடியே வரிக்கு வரி போஃப் பூர்கின்யோன் செய்து பார்த்தார். பாரிஸில் தான் சாப்பிட்ட அதே சுவை நியூயார்க் வீட்டு அடுப்பில் வந்தது. முடிந்தது விஷயம்.

புத்தகத்துக்கு 'மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் ஃப்ரெஞ்ச் குக்கிங்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பதிப்பக முதலாளி ஆல்ஃப்ரெட் நாஃபுக்கு அந்தத் தலைப்பில் நம்பிக்கையே இல்லை. இதை எவனாவது வாங்கினால் என் தொப்பியைத் தின்கிறேன் என்றார். நம்மூரில் பாதி மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்போமே, அது மாதிரி. 1961 அக்டோபரில் புத்தகம் வந்தது. எழுநூறு பக்கத்துக்கு மேல். இன்றுவரை விற்றுக்கொண்டிருக்கிறது. அவர் எத்தனை தொப்பி தின்றார் என்று தெரியவில்லை.

அடுத்த வருடம், ஒரு புத்தக அறிமுக நிகழ்ச்சிக்கு டி.வி. நிலையத்துக்குப் போன ஜூலியா, கையோடு ஒரு மின்சார அடுப்பையும் முட்டைகளையும் எடுத்துப் போய் அங்கேயே ஆம்லெட் போட்டுக் காட்டினார். அந்த அம்மாவை மறுபடியும் கூப்பிடுங்கள் என்று நேயர்கள் கடிதம் எழுதினார்கள். அப்படித்தான் 1963 பிப்ரவரி 11 வந்தது.

*

எளிமையாக்குவது என்றால் என்ன? எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுகிற கேள்வி இதுதான்.

டப்பாக்காரர்களும் எளிமையாக்கத்தான் செய்தார்கள். கஷ்டமான வேலைகளை நீக்கினார்கள். கூடவே ருசியையும் காரணத்தையும் நீக்கிவிட்டார்கள். ஜூலியா வேலையை நீக்கவில்லை, பயத்தை நீக்கினார். ஒவ்வொரு வேலைக்கும் ஏன் என்று ஒரு பதில் சொன்னார். காரணம் தெரிந்தவனுக்கு எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும். பதிப்பாளர்கள் நம்பாத அந்த இல்லத்தரசியை அவர் நம்பினார்.

வாருங்கள், அந்தக் காரணங்களை மட்டும் பார்ப்போம். அப்புறம் நம் வீட்டு அடுப்புக்கு ஏற்ற மாதிரி வெட்டிக்கொள்ளலாம்.

முதல் வேலை, கறித்துண்டுகளை ஈரம் போகத் துடைப்பது. ஈரமாகப் போட்டால் சட்டியின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். கறி சிவக்காது, அவியும். ஒரே நேரத்தில் எல்லாத் துண்டுகளையும் கொட்டினாலும் இதே கதிதான். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்க வேண்டும்.

ஏன் சிவக்க வேண்டும்? லீபிக் என்கிற ஜெர்மன் விஞ்ஞானி 1847-ல் ஒரு காரணம் சொன்னார். மேற்பரப்பு இறுகி, உள்ளே இருக்கும் சாறு வெளியே போகாமல் அடைத்துக்கொள்கிறதாம். சமையல்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதை நம்பினார்கள். தப்பு. சிவந்த கறியிலிருந்தும் சாறு வரத்தான் செய்யும். நிஜக் காரணத்துக்கு வழிகாட்டியவர் லூயி கமில் மெயார் என்கிற பிரெஞ்சுக்காரர். அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்தால் பழுப்பு நிறமும் புதுப்புது மணங்களும் பிறக்கின்றன என்று ஆய்ந்து எழுதினார். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, நம் தோசையின் முறுகல் எல்லாம் இந்த வினையின் கைவண்ணம். அவர் அதை வெளியிட்ட வருடம் 1912. ஜூலியா பிறந்த அதே வருடம்.

அடுத்து, மூன்று மணி நேரம். உழைத்த தசைகளில் கொலாஜன் என்று ஒரு புரதம் நிறைய இருக்கும். கறியைக் கயிறு மாதிரி ஆக்குவது அதுதான். ஏறக்குறைய 70 டிகிரி சூட்டுக்கு மேல் நிதானமாக வைத்திருந்தால் அது கரைந்து ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் விரலில் ஒட்டுமே, அந்தப் பிசுபிசுப்பு ஜெலட்டின்தான். கறியை மெத்தென்று ஆக்குவதும், குழம்புக்கு ஒரு கனம் கொடுப்பதும் அதுவே. அவசரப்பட்டு தளதளவென்று கொதிக்கவிட்டால் தசை நார் இறுகிப் பிழிந்துகொள்ளும். குமிழ் ஒன்று, இரண்டு என்று எட்டிப் பார்த்தால் போதும்.

ஒயின்? அதன் புளிப்பும் நிறமும் துவர்ப்பும்தான் நமக்கு வேண்டும். போதை எல்லாம் ஆவியாகிவிடும் என்பார்கள். முழுக்க இல்லை. இரண்டரை மணி நேரம் கொதித்த பிறகும் சுமார் 5 சதவிகிதம் ஆல்கஹால் மிஞ்சும் என்று அமெரிக்க விவசாயத் துறை கணக்கு வைத்திருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் இறக்கினால் 40 சதவிகிதம். மத காரணத்தாலோ, மருத்துவக் காரணத்தாலோ அறவே கூடாது என்பவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, வெங்காயமும் காளானும். மூன்று மணி நேரம் கறியோடு கிடந்தால் இரண்டும் காணாமல் போய்விடும். தனித்தனியாக வெண்ணெயில் வதக்கி இறுதியில் சேர்க்கச் சொல்வது அதனால்தான்.

இப்போது வெட்டலாம். ஜூலியாவின் குறிப்பில், சிவந்த கறியில் மாவைத் தூவி, சூடான அவனில் நான்கு நிமிடம், கிளறிவிட்டு மறுபடி நான்கு நிமிடம் வைப்பார். பிறகு மூடி, அவனிலேயே இரண்டரை, மூன்று மணி நேரம். அவன் இல்லாத வீட்டில் என்ன செய்வது? மாவை அடுப்பிலேயே கறியோடு இரண்டு நிமிடம் பிரட்டினால் பச்சை வாசம் போய்விடும். அடி கனமான பாத்திரமும் சிறு தீயும் அவன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பேக்கனை விட்டுவிட்டு எண்ணெயும் வெண்ணெயும் போடலாம். ருசியில் ஒரு படி இறங்கும், தவறில்லை. துடைப்பதையும் சிவக்க வைப்பதையும் மட்டும் விடாதீர்கள்.

ஒரு கிலோ கறி, பெரிய துண்டுகளாக. சிவக்க வறுத்து எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் ஒரு பெரிய வெங்காயம், ஒரு கேரட். கறியைத் திருப்பிப் போட்டு, உப்பு, மிளகுத் தூள், இரண்டு ஸ்பூன் மைதா. அரை லிட்டர் ரெட் ஒயின். சட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற பழுப்பைக் கரண்டியால் சுரண்டிவிடுங்கள், குழம்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கறி மூழ்குகிற அளவுக்கு எலும்பு சூப், ஒரு ஸ்பூன் தக்காளி விழுது, நசுக்கிய பூண்டு இரண்டு பல், பிரிஞ்சி இலை ஒன்று, தைம் கிடைத்தால் கொஞ்சம். மூடிவிட்டு மூன்று மணி நேரம் வேறு வேலை பாருங்கள். அவ்வப்போது எட்டிப் பார்த்து, வற்றியிருந்தால் கொஞ்சம் வெந்நீர். கடைசியில், வெண்ணெயில் வதக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து வேகவைத்த இருபது சின்ன வெங்காயமும், தனியாக வதக்கிய கால் கிலோ காளானும்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடுகிற இனிப்பு ஒயின் உதவாது. பாயசத்தில் கறி போட்ட மாதிரி ஆகிவிடும். இனிப்பில்லாத ரெட் ஒயின்தான் வேண்டும். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் ஆட்டின் தொடைக்கறியில் செய்யலாம்; பெயர் மாறிவிடும், நேரம் குறையும், தர்க்கம் அதேதான். குக்கரில் போடுகிறவர்கள் ஒயினை முதலில் திறந்த சட்டியில் பாதியாகச் சுண்டவிட்டுப் பிறகு மூட வேண்டும். முக்கால் மணியில் கறி வெந்துவிடும். ஆனால் மூடிய குக்கரில் குழம்பு சுண்டாது. திறந்தபின் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும்.

வீட்டில் முதல் தடவை செய்தபோது நான் கறியைத் துடைக்கவில்லை. எல்லாத் துண்டுகளையும் ஒரே தட்டில் கொட்டினேன். சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. ரேஷன் கடை ஊதா மசி மாதிரி ஒரு திரவத்தில் அது மிதந்தது. குடும்பத்தார் ரசம் சாதம் சாப்பிட்டார்கள். இரண்டாம் தடவை, காரணம் தெரிந்துகொண்டு செய்தேன். அன்றைக்கு ரசத்தை யாரும் தேடவில்லை.

தப்பு நடந்தால்? ஒரு நிகழ்ச்சியில் ஜூலியா உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போடப் போய், பாதி அடுப்பு மேடையில் விழுந்துவிட்டது. அள்ளிச் சட்டியில் போட்டுக்கொண்டார். தனியாகத்தானே இருக்கிறோம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேமராவைப் பார்த்தே சொன்னார். அந்த நிமிடத்தில் எத்தனை வீட்டுச் சமையலறைகளில் பயம் தெளிந்திருக்கும்! பின்னாளில், 2002-ல், அந்தப் புத்தகத்தின் 524 குறிப்புகளையும் ஒரே வருடத்தில் செய்து முடிப்பேன் என்று நியூயார்க்கில் ஜூலி பவல் என்கிற அலுவலக ஊழியை கிளம்பினார். அது புத்தகமாகி, 2009-ல் சினிமாவாகவும் வந்தது. படத்தில் அவர் இந்தக் குழம்பை அவனில் வைத்துவிட்டுத் தூங்கிப்போவார். எழுந்து பார்த்தால் கரி. மறுநாள் திரும்பவும் செய்வார். மூன்று மணி நேரத்தைக் கொடுக்கிற ஆள் ஹோட்டல் உதவியாளர் இல்லை, வீட்டு வேலையாள் இல்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து, அலுப்போடு அடுப்பைப் பற்றவைக்கிற ஒரு சாதாரண மனுஷி.

அந்த மூன்று மணி நேரத்துக்கு இன்றைக்கும் தள்ளுபடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றை ஒதுக்குங்கள். முடிந்தால் அன்றைக்கே தின்று தீர்க்காதீர்கள். ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் சுடவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். நேற்று வைத்த மீன் குழம்பின் ரகசியம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.